இரண்டு பேருக்கு ஏந்திய மடி

எங்கள் வீட்டுக்காரம்மா கவலையே தெரியாத பெண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நன்றாகக் கவலைப்படுவார். ஆனால் தனியாகப் படமாட்டார். தெருவில் இருக்கும் அத்தனை பேரையும் கூப்பிட்டு, ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்தால்தான் தான் படுவார். மிச்சம் பெரும்பாலும் இருக்காது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது.

எழுபதுகளின் கடைசியில் விளாங்குடியில் அவர்கள் வீட்டை ஒட்டிய சின்னப் போர்ஷனில் நானும் அம்மாவும் வாடகைக்கு இருந்தோம். அப்பா தவறிப் போயிருந்தார். நான் டவுனில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. வீட்டுக்காரம்மாவை நான் அக்கா என்பேன். அவர் என்னை டீச்சர் என்பார். என்னைவிடச் சில வயது மூத்தவர், அவ்வளவுதான். பரம்பரையாக விவசாயம் செய்த குடும்பம். வீட்டுக்காரர் கப்பலூரில் ஒரு கம்பெனியில் லேத்து ஓட்டினார். அவரை அண்ணன் என்பேன். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள் அவர்களுக்கு.

"கொஞ்சம் ஒரு கை பிடிங்களேன்" என்பது அக்காவின் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. அரிசி மூட்டையை இறக்க, கட்டிலை நகர்த்த எல்லாரும் சொல்வதுதான். அவர் கவலைக்கும் அதையே சொல்வார். ஒரு நாள் அண்ணன் கம்பெனியிலிருந்து வரத் தாமதமாகிவிட்டது. அக்கா வாசலுக்கு வந்தார். எதிரே சைக்கிள் கடை.

"அண்ணே, கப்பலூர்லருந்து இவுக இன்னும் வரலண்ணே. மனசு ஒரு மாதிரியா இருக்கு. கொஞ்சம் ஒரு கை பிடிங்களேன்."

சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார். அடுத்துப் பூக்காரம்மா. அடுத்து, நிறுத்தத்தில் நின்ற டவுன் பஸ்ஸின் கண்டக்டர். "பச்சச் சட்டை போட்டிருப்பாக, பழைய மோட்டார் சைக்கிளு, கண்டா வெரசா வரச் சொல்லுங்கண்ணே" என்று அவரிடமும் ஒரு பங்கு. டயர் பஞ்சராகி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த அண்ணனை முக்கிலிருந்து வீடு வரைக்கும் ஆள் மாற்றி ஆள் திட்டினார்கள். வீட்டில ஒரு பொம்பள கெடந்து தவிக்கிறது தெரியலையாப்பா என்று கேட்டார்கள். அவர் குற்றவாளி மாதிரி உள்ளே போனால், அக்கா மொச்சையும் கருவாடும் போட்ட குழம்பை ஊற்றி நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வந்துட்டீகளா? கை கழுவிட்டு வாங்க."

சுவருக்கு இந்தப் பக்கம் நான் விடைத்தாளை வைத்துக்கொண்டு, வண்டிச் சத்தம் கேட்கும் வரை ஒரே பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். அக்கா வாசலுக்குப் போகுமுன் என்னிடமும் கொடுத்திருந்த பங்கு மறுநாளும் என்னிடமே கிடந்தது. கொடுத்ததைத் திருப்பி வாங்கும் பழக்கம் அக்காவுக்குக் கிடையாது.

எங்கள் வீட்டு வழக்கம் வேறு. அப்பா படுக்கையில் விழுந்தபோது சொந்தச் சித்தப்பாவுக்கே "லேசான சளிதான்" என்று எழுதியவர் என் அம்மா. வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது. தாண்டினால் மானம் போய்விடும். அந்தப் பாடத்தை நான் நன்றாகவே படித்திருந்தேன்.

ஆகவே, எனக்கு அடிவயிற்றில் வலி வந்தபோது முதல் சில மாதம் அம்மாவிடமே சொல்லவில்லை. சொன்ன பிறகு டவுனில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். ஸ்கேன் எல்லாம் எங்கள் பக்கம் வராத காலம். கையால் அழுத்திப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "சினைப்பையில கட்டி இருக்கும்மா. ஆபரேஷன் பண்ணி எடுத்துருவோம். எடுத்ததை டெஸ்டுக்கு அனுப்பினாத்தான் நல்ல கட்டியா, கெட்ட கட்டியான்னு சொல்ல முடியும்."

அம்மா அங்கேயே அழவில்லை. பஸ் நிறுத்தத்தில் வந்து நின்ற பிறகு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "குடல்வால்னு சொல்லிருவோம்" என்றார்.

"யார்ட்டம்மா?"

"எல்லார்ட்டயும்தான். கல்லுப்பட்டிக்காரங்க பேச வர்ற நேரம். கர்ப்பப்பைப் பக்கம் கட்டின்னு தெரிஞ்சா எவன் உன்னையக் கட்டுவான்?"

டி. கல்லுப்பட்டியில் ஒரு மாப்பிள்ளை பேச்சு நடந்துகொண்டிருந்தது. வாத்தியார் வேலை, நல்ல குடும்பம். மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் எங்களுக்கு அடுத்த தெருவிலேயே இருந்தார். பள்ளிக்கூடத்தில் அப்பெண்டிக்ஸ் என்று லீவு எழுதிக் கொடுத்தேன். அந்தக் காலத்தில் கல்யாணமாகாத பெண்களுக்கு வயிற்றில் எது வந்தாலும் அது அப்பெண்டிக்ஸ்தான்.

ஆபரேஷனுக்கு நாள் குறிக்க மறுபடி டாக்டரிடம் போயிருந்தோம். ஒரு பழைய வாரப் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாருடைய குரல் கேட்கக் கூடாது என்று நினைத்தேனோ அதே குரல் கேட்டது.

"யாத்தே, டீச்சர்! உங்களுக்கும் வயித்துலயா?"

காத்திருந்த பெண்கள் அத்தனை பேரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். அம்மா, "அப்பெண்டிக்ஸ்" என்றார்.

"அப்பெண்டிக்ஸுக்கு எதுக்கும்மா பொம்பள டாக்டரு?" என்று கேட்டபடி அக்கா எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, "எனக்கும் கட்டிதான். பெரிய கொய்யாக்கா அளவு இருக்காம்" என்றார்.

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "யார்ட்டயும் சொல்லிராதம்மா. கல்யாணமாக வேண்டிய பிள்ள."

"சொல்லுவேனாம்மா? மாரியாத்தா மேல சத்தியமா மூச்சு விட மாட்டேன்."

என் விஷயத்தில் மூச்சு விடவில்லை. தன் விஷயத்தில் விட்ட மூச்சில் விளாங்குடியே ஆடிப்போனது. நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் சைக்கிள் கடைக்காரர் ஓடி வந்து, "அக்காவுக்கு ஆபரேஷனாமே டீச்சர்?" என்று என்னிடமே கேட்டார். இல்லையாமே என்று சொல்லவா முடியும்? கேள்விப்பட்டேன் என்றேன்.

ஒரே வாரத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஆபரேஷன் ஆனது. அடுத்தடுத்த அறை. என் அறையில் அம்மாவும் பைபிளும். அவர் அறையில் ஒரு ஊரே இருந்தது. ஆரஞ்சுப் பழம், ஹார்லிக்ஸ் பாட்டில், சாத்தையாறு பக்கத்திலிருந்து இளநீர், பஸ் கண்டக்டரின் மனைவி கொண்டுவந்த ரசம் சாதம். தையல் வலிக்கிறது, சிரிக்க வைக்காதீர்கள் என்று அக்கா கெஞ்சிக்கொண்டே சிரிப்பது சுவர் வழியாகக் கேட்கும். நர்ஸ் பெண்கள்கூட என் அறைக்கு மாத்திரை கொடுக்க வருவார்கள். அவர் அறைக்குச் சும்மாவே போவார்கள். எனக்கு அந்த ஆரஞ்சுப் பழத்தின் மேல்கூடப் பொறாமையாக இருந்தது.

எடுத்த கட்டியை மருந்துத் தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் போட்டு நோயாளியோடு வந்தவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். நாம்தான் லேபில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். என் பாட்டிலை அம்மா செய்தித்தாளில் சுற்றி, ஒயர் கூடைக்கு அடியில் வைத்து, மேலே இரண்டு முருங்கைக்காயைப் போட்டு டவுன் பஸ்ஸில் கொண்டு போனார். அண்ணன் தன் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். பஸ்ஸில் யாரோ அது என்ன என்று கேட்க, இவர் சொல்ல, கண்டக்டர் அவரை உட்கார வைத்து, லேப் வாசலிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி இறக்கிவிட்டாராம். அம்மா முருங்கைக்காயோடு நின்றுகொண்டே போய்வந்தார்.

ரிசல்ட் வர இரண்டு வாரத்துக்கு மேலே ஆகும் என்றார்கள். அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் கசக்கிறது.

தையல் பிரித்து வீட்டுக்கு வந்த பிறகு அக்கா வாசல் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார். வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் ஒரே பாட்டுதான். "டெஸ்டுக்குப் போயிருக்குண்ணே. நல்ல கட்டியான்னு பாக்கணும்ல. பக்கு பக்குங்குது. கொஞ்சம் ஒரு கை பிடிங்க." அவர்களும் பிடித்தார்கள். பிடித்துக்கொண்டு வருத்தமாகப் போனார்கள். இவர் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்.

நான் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தேன். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். தட்டில் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்தேன். படுத்தால் கை தானாக வயிற்றைத் தடவிப் பார்க்கும். கெட்ட கட்டியாக இருந்தால் அம்மாவை யார் பார்ப்பார்கள் என்று ஒரு பக்கம். கல்லுப்பட்டிக்கு என்ன பதில் சொல்வது என்று இன்னொரு பக்கம். இதை யாரிடம் சொல்ல? அம்மாவிடம் சொன்னால் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்: "விசுவாசமா இரு."

சர்ச்சில் ஜெபத்துக்கு என்று சீட்டு எழுதிக் கொடுக்கலாம். அம்மா பெயர் போடாமல் எழுதிக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயர் வாசித்தார்: "பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு சகோதரியின் சரீர சுகத்துக்காக." எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நானும் மூடிக்கொண்டு எனக்காகவே, யாரோ ஒருத்திக்கு மாதிரி, ஜெபித்தேன். வேப்பமரத்தடியில் ஒருத்தி ஊரையே பெயர் சொல்லி அழைத்துப் படுத்திருக்கிறாள். என் ஆண்டவரோ நான் யார் என்று ஊகித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அப்படி நினைத்ததும் பயமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. ஆத்திரம் அக்கா மேல்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் மஞ்சள் சேலை கட்டி, தலைக்குக் குளித்து, மடிப்பிச்சைக்குக் கிளம்பினார். அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் சேலை மடியை ஏந்திக்கொண்டு வீடு வீடாகப் போய், நோய்நொடி இன்னது என்று சொல்லி, அரிசி வாங்கி வந்து அம்மன் கோயிலில் பொங்கல் வைப்பார்கள். வசதியான வீட்டுப் பெண்ணும் ஏந்தித்தான் ஆக வேண்டும். அக்காவுக்கென்றே உண்டாக்கிய வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். கேட்காமலே சொல்கிறவர், இப்போது சொல்வதற்கு சாமியே உத்தரவு கொடுத்துவிட்டது.

மடி நிறைய அரிசியோடு வந்தார். உள்ளே கொட்டினார். மறுபடி அதே மஞ்சள் சேலையில், அதே தெருவுக்கு, முதல் வீட்டிலிருந்து மறுபடி போனார். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பூக்காரம்மா வீட்டு வாசலில் பேச்சு நன்றாகவே கேட்டது.

"இப்பத்தான போட்டேன், மறந்துட்டியா?"

"அது எனக்கு ஆத்தா. இது எங்க டீச்சருக்கு."

"டீச்சருக்கு என்ன? குடல்வாலுதான?"

அக்கா பேசாமல் நின்றார். அவர் பேசாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு, "இல்லத்தா. என்னைய மாதிரியே கட்டி. அதுவும் டெஸ்டுக்குப் போயிருக்கு" என்றார்.

தெரு முழுக்க, அடுத்த தெரு முழுக்கப் போனார். கல்லுப்பட்டி மாப்பிள்ளையின் அத்தை வீட்டையும் விடவில்லை. அந்த அம்மாள் நாங்கள் போகும் அதே சர்ச்சுக்குப் போகிறவர். இருந்தாலும் வாசலுக்கு வந்தவளை வெறும் மடியோடு அனுப்ப மனசில்லாமல் தாராளமாக அள்ளிப் போட்டாராம்.

திரும்பி வந்தவரை நான் கேட்டில் மறித்தேன். என் வாழ்நாளில் தெருவில் நின்று நான் கத்தியது அன்றைக்குத்தான்.

"சத்தியம் பண்ணீங்களேக்கா! மாரியாத்தா மேல சத்தியம் பண்ணீங்களே!"

அவர் இரண்டு கையாலும் மடியைப் பிடித்திருந்தார். கண் நிறைந்துவிட்டது. "ஆமா டீச்சர், பண்ணேன். உங்களுக்கும் சேத்து ஏந்தணும்னு எனக்குத் தோணுச்சு. வெறும் டீச்சருக்குன்னு மட்டும் சொல்லி வாங்கிட்டு வந்துரலாம்னுதான் போனேன். கேப்பாகன்னு நெனைக்கல. மடிய ஏந்திக்கிட்டு நிக்கிறப்ப பொய் சொல்லக் கூடாது டீச்சர். சொன்னா அந்த அரிசி பலிக்காது. நான் என்ன செய்ய?"

"நான் ஏந்தச் சொன்னேனா?"

"சொல்ல மாட்டீக. அதான நானா ஏந்துனேன். ஜன்னல்ல ஒங்க மூஞ்சிய தெனம் பாக்குறேன்ல. ஒத்தையில தூக்குறீக."

அம்மா வந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். அடுத்த வாரம் கல்லுப்பட்டியிலிருந்து, பையனுக்கு இப்போது கல்யாணம் செய்கிற எண்ணம் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அத்தை அரிசியையும் போட்டார், சம்பந்தத்தையும் நிறுத்தினார்.

பிறகு ஆரம்பித்தது. "டீச்சர், ரிசல்ட்டு வந்துருச்சா?" என்று சைக்கிள் கடைக்காரர் கேட்டார். "வந்துருச்சா தாயி?" என்று பூக்காரம்மா. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துக்கொண்டே, "இன்னும் வரலயா டீச்சர்? வரும் வரும், நல்லதாத்தான் வரும்" என்றார். எனக்குப் பெயர் தெரியாதவர்களெல்லாம் என் வயிற்றுக்காகக் கவலைப்பட்டார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. எல்லாருக்கும் இல்லை, இன்னும் வரவில்லை, இல்லை என்று பதில் சொல்லிச் சொல்லி வீட்டுக்கு வந்து, தட்டில் இருந்த சோறு முழுவதையும் சாப்பிட்டேன். படுத்தேன். தூங்கிவிட்டேன். விடிந்து எழுந்து உட்கார்ந்த பிறகுதான் தூங்கியதே தெரிந்தது. இத்தனை வருஷம் இந்தச் சுகத்தை இவள் ஒருத்தியே அனுபவித்திருக்கிறாளே என்று அக்கா மேல் எனக்குப் பொறாமை இன்னும் கூடிவிட்டது.

எனக்குத்தான் முதலில் ரிசல்ட் வந்தது. சாதாரணக் கட்டி, ஒன்றுமில்லை. தெருவே கேட்டில் நின்றது. அக்கா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அம்புட்டு அரிசியும் பலிச்சிருச்சு பாத்தீகளா!" என்று குதித்தார். நான் அவரோடு சரியாகப் பேசி நாளாகியிருந்தது. அன்றும் சரியாகப் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் எங்கள் கதவைத் தட்டினார். அவர் ரிசல்ட்டும் வந்துவிட்டதாம். அண்ணனுக்கு டூட்டி. "கூட வாரீகளா டீச்சர்?"

தெருவில் இத்தனை பேர் இருக்க என்னைக் கூப்பிடுகிறாரே என்று ஒரு சின்ன சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடுதான் போனேன்.

டாக்டர், "யாரு கூட வந்திருக்கிறது?" என்று கேட்டார்.

"என் தங்கச்சி" என்றார் அக்கா.

நான் தங்கச்சி இல்லை என்பது டாக்டருக்கே தெரியும். இருந்தாலும் உட்காரச் சொன்னார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். கெட்ட கட்டி. எடுக்கும்போதே பரவியிருந்தது போல் சந்தேகம், இப்போது உறுதியாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்து, அதாவது கதிர்வீச்சு கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் பெரிதாக நம்பிக்கை கொடுக்க முடியாது. "வீட்டுக்காரரை வரச் சொல்லும்மா" என்றார்.

"அவுகட்ட நானே சொல்லிக்கிறேன்மா" என்றார் அக்கா.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். எதிரே இளநீர் விற்றுக்கொண்டிருந்தான் ஒருவன். வழக்கமாக இந்நேரம் அவனிடம் பாதியைக் கொடுத்திருப்பார். நான் காத்திருந்தேன். அவர் அவனைப் பார்க்கவே இல்லை. பஸ் வந்தது, தெரிந்த கண்டக்டர்தான். "என்னக்கா, ரிசல்ட்டு?" என்று சிரித்த முகமாகக் கேட்டார்.

"எனக்கும் ஒண்ணும் இல்லையாம்ணே" என்றார் அக்கா.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, நேரே பார்த்துக்கொண்டு, மெதுவாகப் பேசினார்.

"நீங்க யார்ட்டயும் சொல்லிராதீக டீச்சர்."

"அண்ணன்ட்டயாச்சும் சொல்லுங்கக்கா. இத எப்படி..."

"சொன்னா இன்னைக்கிருந்தே அழுவாக. எம்பிள்ளையும் அழுவும். தெருவே அழுவும். தூக்கி இறக்கி வைக்கிற சாமான்னா எல்லாரையும் பிடிக்கச் சொல்லலாம். இத எங்கிட்டு இறக்கி வைக்க?" பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நீங்கதான் உள்ள வச்சுப் பழகுனவுக. உங்களாலதான் முடியும். நீங்க மட்டும் ஒரு கை பிடிங்க."

ஆரப்பாளையம் தாண்டியதும் கேட்டார்: "வலி வந்தா என்னன்னு சொல்ல டீச்சர்? நீங்க அப்பெண்டிக்ஸ்னு சொன்னீகளே, அது மாதிரி எனக்கும் ஒண்ணு சொல்லிக் குடுங்க."

"அல்சர்னு சொல்லுங்கக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல? எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் பொங்கல் வைத்தார். இரண்டு பேருக்கு ஏந்திய அரிசியும் ஒரே பானையில் வெந்தது. அரிசி போட்ட வீடுகளுக்கெல்லாம் பூவரச இலையில் வைத்து அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லையாம் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். மடி ஏந்தும்போதுதான் பொய் கூடாது, கொடுக்கும்போது பரவாயில்லை என்று என்னிடம் வந்து சொன்னார். அது அவராகப் போட்டுக்கொண்ட சட்டம் என்று எனக்குத் தெரியும். அம்மா எங்கள் பங்கை வாங்கி மூடி வைத்தார். அம்மா சர்ச்சுக்குப் போன நேரத்தில் நான் எடுத்துச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு எட்டு ஒன்பது மாதம் இருந்தார். பால்காரர், பூக்காரம்மா, சைக்கிள் கடை என்று எல்லாரிடமும் பழையபடி ஒரு கை பிடிக்கச் சொன்னார். மகளுக்குக் கணக்கு வரவில்லை, மாடு தீவனம் எடுக்கவில்லை, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. தெரு முழுக்க அந்தச் சின்னச் சின்னக் கவலைகளைச் சுமந்து, அவருக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டிருந்தது. பெரியதைச் சுமந்தவள் நான். வலி வந்தால் என் போர்ஷனுக்கு வருவார். என் படுக்கையில் சுருண்டு படுத்திருந்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, "அல்சரு பாடாப் படுத்துது" என்று வாசலில் நின்று உரக்கச் சொல்லிவிட்டுப் போவார். அம்மாவுக்குப் புரிந்திருக்கும். கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் எங்கள் வீட்டை மிஞ்ச ஆள் கிடையாது.

சொன்னால் தப்பாக நினைப்பீர்கள். பயத்துக்கும் வேதனைக்கும் நடுவில் எனக்குப் பெருமையாகவும் இருந்தது. ஊருக்கெல்லாம் சொல்கிறவர் எனக்கு மட்டும் ஒன்றைக் கொடுத்திருந்தார்.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் அண்ணனுக்குத் தெரிந்தது. தெரிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அக்கா போய்விட்டார். அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, விளாங்குடி முக்கிலிருந்தே ரோட்டில் ஆட்கள் நின்றார்கள். கண்டக்டர் டூட்டி மாற்றிவிட்டு வந்திருந்தார். பூக்காரம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். "தலவலின்னாக்கூட ஊரக் கூட்டுவியே! இத மட்டும் ஒருத்தருக்கும் சொல்லாமப் போயிட்டியே!" எல்லாரும் அதையே சொல்லிச் சொல்லி அழுதார்கள். அவர்களால் வாய் விட்டு அழ முடிந்தது. அன்றைக்கும் நான் பொறாமையோடுதான் நின்றேன்.

எல்லாம் முடிந்து, பந்தல் பிரித்த பிறகு, அண்ணன் எங்கள் வாசலுக்கு வந்தார். மொட்டைத் தலையோடு நின்றுகொண்டு கேட்டார்.

"டீச்சர், டாக்டர்ட்ட அன்னைக்கு நீங்கதான கூடப் போனீக. அவளுக்கு முன்னாடியே தெரியுமா? உங்கட்டயாச்சும் சொன்னாளா?"

சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் இன்னும் உடைந்துபோவார் என்பது ஒரு காரணம். கொடுத்த வாக்கு ஒரு காரணம். ஆனால் அவர் அப்படிக் கேட்டதும் என் மனசில் முதலில் வந்தது அது இரண்டும் இல்லை. உங்களுக்கு அவர் இத்தனை வருஷம் இருந்தார், எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது என்பதுதான் வந்தது.

"எனக்குத் தெரியாதுண்ணே" என்றேன். அப்பெண்டிக்ஸ் என்று சொல்லிப் பழகிய வாய்தானே.

இப்போது அண்ணனும் இல்லை, அம்மாவும் இல்லை. விளாங்குடியில் அந்த வேப்பமரம் நின்ற இடத்தில் மாடி வீடு வந்துவிட்டது. எனக்கும் வயதாகிவிட்டது, முன்னைப் போல் கனம் தூக்க முடிவதில்லை. நீங்கள் கொஞ்சம் ஒரு கை பிடியுங்கள். ஒரு கை மட்டும். முழுதாக விட்டுக்கொடுக்க எனக்கு இன்னும் மனசில்லை.